கேபின் ஃபில்டர்: கழுவிப் போடலாமா, அம்புக்குறி எந்தப் பக்கம்?

ஜூன் 3, காலை 8.40 | மூணாம்கியர்

கார் ஏசி ஃபில்டரை (உள்ள வர்ற காத்தை வடிகட்டுற கேபின் ஃபில்டர்) தண்ணியில அலசி, வெயில்ல காயவெச்சுப் போட்டாலே போதும், புதுசு வாங்குறது வீண்னு ஒரு கட்சி இருக்கு. நானும் அந்தக் கட்சிதான். ஆனா அலசிப் போட்டதுக்கு அப்புறம் காத்து முன்னைவிடக் கம்மியாத்தான் வருது. வண்டி 24,000 கி.மீ. ஓடியிருக்கு, ஃபில்டர் கம்பெனியில வந்ததே. அடுத்த கேள்வி: பழசுல 'அப்'னு போட்டு மேல பாத்த அம்பு. கடையில பாத்த புதுசுல 'ஏர் ஃப்ளோ'ன்னு போட்டு ஒரு அம்பு. ரெண்டும் ஒண்ணா?

ஜூன் 3, காலை 9.15 | திருப்புளி

அலசினதுதான் தப்பு. பார்க்கக் காகிதம் மாதிரி இருக்கும், ஆனா அது காகிதம் இல்லை. பாலிப்ரொப்பிலீனை உருக்கி மெல்லிய இழையாக இழுத்துப் படியவைத்த துணி. இழைகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியைவிடச் சின்னத் தூசியும் அதில் ஒட்டுகிறதே, அதற்குக் காரணம் தயாரிக்கும்போதே இழையில் ஏற்றிவைத்த நிலைமின்சாரம். சோப்பு நீரோ ஸ்பிரிட்டோ பட்டால் அது இறங்கிப்போகும். ஆய்வகத்தில் வேண்டுமென்றே அந்த சார்ஜை எடுத்துவிட்டு ஃபில்டரைச் சோதிப்பதற்கு ஐசோப்ரொபைல் ஆல்கஹால் ஆவியைத்தான் விடுகிறார்கள். கட்டடங்களுக்கான ஃபில்டர் தரமான ஐஎஸ்ஓ 16890 சொல்லும் முறையே அதுதான்.

வெறும் தண்ணீர் என்றால் வேறு வம்பு. மடிப்பின் மேல் உட்கார்ந்திருந்த தூசி சேறாகி, மடிப்பின் அடி மூலைக்கு இறங்கி, அங்கேயே காய்ந்து கெட்டியாகிறது. உங்களுக்குக் காற்று குறைந்தது இதனால்தான். இருட்டில் ஃபில்டருக்குப் பின்னால் டார்ச் பிடித்துப் பாருங்கள். புதுசில் வெளிச்சம் ஒரே சீராகக் கோடு கோடாக வரும். அலசினதில் மடிப்பின் அடியில் கருப்பு வரி ஓடும், நடுவில் அங்கங்கே மட்டும் பளிச்சென்று தெரியும். பளிச் என்று தெரியும் இடம் சுத்தமான இடம் என்று நினைக்காதீர்கள். துணி இழை பிரிந்து மெலிந்த இடம் அது.

கம்ப்ரஸர் காற்று அடிப்பதற்கும் இதே பதில். இழை கிழியும்.

ஜூன் 3, காலை 9.22 | திருப்புளி

சேர்க்க மறந்தது: கார்பன் போட்ட சாம்பல் கருப்பு ஃபில்டரை வெயிலில் வைத்தால் வாசனை உறிஞ்சும் சக்தி திரும்பும் என்று சொல்வார்கள். கார்பனைப் புதுப்பிக்கப் பல நூறு டிகிரிச் சூடு வேண்டும். வெயிலுக்கு அந்த வேலை ஆகாது.

ஜூன் 3, காலை 11.05 | தூசிப்படலம்

அம்புக்குறி பற்றி. இரண்டும் ஒன்றல்ல. 'அப்' என்றால் ஃபில்டரின் அந்த விளிம்பு மேலே இருக்க வேண்டும் என்று பொருள். 'ஏர் ஃப்ளோ' என்றால் காற்று அந்த அம்பு காட்டும் திசையில் ஃபில்டருக்குள் நுழைந்து வெளியேற வேண்டும் என்று பொருள். காற்று மேலிருந்து கீழே இறங்கும் வண்டியில் 'அப்' அம்பு வானத்தைப் பார்க்கும், 'ஏர் ஃப்ளோ' அம்பு தரையைப் பார்க்கும். இரண்டுமே சரி. பழசின் அம்பு மேலே பார்த்ததே என்று புதுசின் அம்பையும் மேலே திருப்பி வைப்பதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு.

கிளவ் பாக்ஸுக்கு (முன் இருக்கைப் பயணிக்கு எதிரே இருக்கும் சாமான் பெட்டி) பின்னால் ஃபில்டர் படுத்த நிலையில் இருந்தால் காற்று எப்போதும் கீழ்நோக்கித்தான் போகும்.

ஜூன் 3, மதியம் 1.30 | கரண்ட்கம்பி

அம்பு எந்தப் பக்கம்னு சண்டை போட்டுக் கடைசியில ஃபில்டரை உறையோடவே போட்டவங்களும் இருக்காங்க. பிளாஸ்டிக் கவரைப் பிரிச்சிட்டுப் போடுங்க சாமி.

ஜூன் 3, மதியம் 2.10 | திருப்புளி

தூசிப்படலம், "எப்போதும்" வேண்டாம். ப்ளோயர் (காற்றைத் தள்ளும் விசிறி) கீழே, ஃபில்டர் அதன் தலையில் என்று இருக்கும் வண்டிகளில் கீழ்நோக்கி. இந்த அமைப்புதான் அதிகம். ஆனால் ப்ளோயருக்கும் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலுக்கும் நடுவில் ஃபில்டரைச் செங்குத்தாகச் செருகும் வண்டிகள் உண்டு. அங்கே காற்று பக்கவாட்டில் போகும். மனப்பாடம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: காற்றுப் பாதையில் ஃபில்டர் ப்ளோயருக்கு முன்னால் இருந்தால் 'ஏர் ஃப்ளோ' அம்பு ப்ளோயரைப் பார்க்கணும், பின்னால் இருந்தால் கூலிங் காயிலைப் பார்க்கணும்.

இதைவிடச் சுலபமான வழி, பழைய ஃபில்டரை உருவும்போதே எந்த முகம் அழுக்கு என்று பார்ப்பது. அழுக்கு முகம்தான் காற்று வந்து மோதும் முகம். முன்னால் போட்டவர் அம்பைத் தலைகீழாக வைத்திருந்தாலும் அழுக்கு பொய் சொல்லாது. அம்பைப் பார்த்தால் தவறு நடக்கலாம், அழுக்கைப் பார்த்தால் நடக்காது. உருவியவுடன் புரட்டிவிடாமல், இருந்த நிலையிலேயே தரையில் வையுங்கள்.

ஜூன் 3, மதியம் 2.45 | தூசிப்படலம்

ஒப்புக்கொள்கிறேன், "எப்போதும்" என்றது பிழை. அழுக்கு பார்ப்பதில் ஒரு எச்சரிக்கை மட்டும். இலைச் சருகை வைத்து முடிவு செய்யாதீர்கள். காற்று கீழிருந்து மேலே போகும் அமைப்பில், ப்ளோயர் நின்றவுடன் சருகு கீழே உதிர்ந்துவிடும். மடிப்புக்குள் ஏறிய சாம்பல் நிறத்தைத்தான் பார்க்க வேண்டும்.

திசை ஏன் முக்கியம் என்றால், பல ஃபில்டர்களில் காற்று நுழையும் பக்கம் இழை பெரிதாக, இளகலாக இருக்கும்; வெளியேறும் பக்கம் நெருக்கமாக இருக்கும். பெரிய தூசி முதல் அடுக்கிலேயே நின்றுவிட, நுண்தூசி உள்ளே போய் மாட்டும். திருப்பிப் போட்டால் எல்லாம் நெருக்கமான முகத்திலேயே அப்பிக்கொண்டு சீக்கிரம் அடைத்துவிடும். மடிப்பு காற்றில் சாயாமல் பிடிக்கும் பட்டைகளும் சிலவற்றில் வெளியேறும் பக்கத்தில்தான் ஒட்டியிருக்கும். தலைகீழாகப் போட்டால் வடிகட்டாது என்பதில்லை. வடிகட்டும், ஆனால் ஆயுள் குறையும்.

ஜூன் 3, இரவு 9.50 | திருப்புளி

கழட்டும் முறை. கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் ஃபில்டர் இருக்கும் வண்டிகளுக்கு இது, மற்றவை பிறகு.

சாவியைத் திருப்பி, காற்று சுவிட்சை உள்காற்று நிலையில் (காருக்குள் இருக்கும் காற்றே சுற்றும் நிலை) வைத்துவிட்டு, ப்ளோயரையும் வண்டியையும் அணையுங்கள். இதைத் தாண்டிக்கொண்டு நேரே கிளவ் பாக்ஸுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். உள்காற்றில் வைத்தால் வெளிக்காற்று வரும் கதவு மூடிக்கொள்ளும்; கண்ணாடிக்குக் கீழே சேர்ந்திருக்கும் சருகு, ஃபில்டர் இல்லாத நேரத்தில் நேரே ப்ளோயருக்குள் விழாது.

கிளவ் பாக்ஸைக் காலி செய்யுங்கள். ஒரு பக்கம் மெதுவாக இறங்க உதவும் கயிறோ சின்ன டேம்பரோ ஒரு முளையில் மாட்டியிருக்கும். முதலில் அதைக் கழட்டணும். முளையை இழுக்காமல் பக்கவாட்டில் தள்ளி எடுங்கள், இழுத்தால் முறியும். பிறகு பெட்டியின் இரண்டு பக்கச் சுவரையும் உள்ளங்கையால் உள்நோக்கி அமுக்கினால் தடுப்புகள் விலகி, பெட்டி முழுசாகக் கீழே தொங்கும். சில வண்டிகளில் இந்த வசதி கிடையாது. சுற்றிலும் ஸ்க்ரூ இருக்கும், ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரோ ஆறுமுனைத் தலைக்கான டி20 டார்க்ஸோ வேண்டும். மேல்வரிசை ஸ்க்ரூ ஒன்று தாழ்ப்பாளுக்கு உள்ளே ஒளிந்திருக்கும். வரவில்லை என்று பெட்டியை உலுக்கும் முன் அதைத் தேடுங்கள். மஞ்சள் நிற கனெக்டர் எது கண்ணில் பட்டாலும் கை வைக்க வேண்டாம், அது ஏர்பேக்குடையது.

உள்ளே நீளவாக்கில் ஒரு குறுகிய பிளாஸ்டிக் மூடி. இரண்டு ஓரத்திலும் லாக். விரலால் அமுக்கி இழுத்தால் வரும். மூடி தட்டையாகத் தெரிந்தாலும் அதற்கும் மேல், கீழ் உண்டு, கவனித்துக்கொள்ளுங்கள். பழைய ஃபில்டரைக் கிடைமட்டம் மாறாமல், அவசரப்படாமல் உருவுங்கள். சாய்த்தால் மேலே இருக்கும் குப்பை முழுதும் ப்ளோயருக்குள் போகும்.

காலியான அறையை வாக்குவம் கிளீனரின் மெல்லிய வாயால் சுத்தம் செய்யுங்கள், நான்கு விளிம்பையும் ஈரத்துணியால் துடையுங்கள். ஃபில்டரின் ஓரப்பஞ்சு அந்த விளிம்பில்தான் உட்காரும். அங்கே மணல் இருந்தால் அந்த இடைவெளி வழியாக வடிகட்டாத காற்று போகும். புதுசை உள்ளே தள்ளும்போது சட்டத்தைப் பிடித்துத் தள்ளுங்கள், மடிப்பைத் தொட வேண்டாம். மூடியை மாட்டினால் இரண்டு பக்கமும் தனித்தனியாக 'டக்' என்று கேட்கணும்.

பழகினால் பத்து நிமிடம். முதல் முறை அரை மணி, அதில் பாதி டேம்பர் முளையைத் தேடுவதில் போகும்.

ஜூன் 4, காலை 7.55 | மூணாம்கியர்

என் வண்டியில ரெண்டு சின்ன ஃபில்டர் இருக்குன்னு கடைக்காரர் சொல்றார். ஓட்டை ஒண்ணுதான் இருக்கு. எப்படி?

ஜூன் 4, காலை 8.20 | திருப்புளி

முதல் ஃபில்டரை உருவின பிறகு, அது இருந்த காலி இடத்துக்கு இரண்டாவதை நகர்த்தி அதே ஓட்டை வழியாக எடுக்கணும். மாட்டும்போது தலைகீழ் வரிசை. இரண்டும் சந்திக்கும் ஓரத்தில் ஒன்றுக்குள் ஒன்று உட்காரும் பள்ளமோ பஞ்சோ இருக்கும், அது பொருந்தியதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு இன்னொன்றை மறந்தால், வேலை பாதிகூட நடந்த கணக்கில்லை.

ஜூன் 4, காலை 10.30 | கரண்ட்கம்பி

ஃபில்டர் அடைச்சா ப்ளோயர் மோட்டாருக்கு லோடு ஏறி எரிஞ்சு போகும்னு எல்லா வீடியோவுலயும் சொல்றாங்க. அது தப்பு. வாக்குவம் கிளீனர் ஓடுறப்ப குழாய் வாயைக் கையால மூடுங்க. சத்தம் 'ஙீ'ன்னு மேல ஏறும். திணறினா சத்தம் இறங்கணுமே? காத்து இல்லாததால தள்ள வேண்டிய வேலை குறைஞ்சு மோட்டார் வேகமா சுத்துது, இழுக்குற கரண்டும் குறையுது. கார் ப்ளோயரும் அதே கதைதான். ஃபில்டர் அடைச்ச வண்டியில காத்து கம்மி, இரைச்சல் ஜாஸ்தி, அதுக்கு இதான் காரணம்.

அப்புறம், ஏசி ஃபில்டர் மாத்தினா மைலேஜ் ஏறும்ங்கிறதும் கலப்படம். அது இன்ஜின் ஏர் ஃபில்டர் பேச்சு, இங்க வந்து ஒட்டிக்கிச்சு.

ஜூன் 4, காலை 11.15 | தூசிப்படலம்

சரி, ஆனால் பாதி உண்மை. வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டரை மறந்துவிட்டீர்கள். 1, 2, 3 வேகங்களில் கரண்ட் அதன் வழியாகப் போகிறது, அது சூடாகிறது. அதைக் குளிர வைப்பது ப்ளோயர் தள்ளும் காற்றுதான். அதற்காகவே காற்றுப் பாதைக்குள் பொருத்தியிருக்கிறார்கள். காற்று குறைந்தால் ரெசிஸ்டர் வெந்து, அதில் இருக்கும் வெப்ப ஃபியூஸ் அறுந்துவிடும். அதன் பிறகு ப்ளோயர் கடைசி வேகத்தில் மட்டும் ஓடும், ஏனென்றால் கடைசி வேகத்துக்கு ரெசிஸ்டர் தேவையில்லை. தானியங்கி ஏசியில் ரெசிஸ்டருக்குப் பதில் ஒரு எலக்ட்ரானிக் மாட்யூல், அலுமினியத் தகடுகளோடு அதே காற்றில்தான் நிற்கும்.

ஜூன் 4, காலை 11.40 | கரண்ட்கம்பி

ஒத்துக்கிறேன். ரெசிஸ்டர் போனதைப் புதுசா மாத்தறப்ப ஃபில்டரையும் பாக்கணும், கனெக்டர் பின் கருகியிருக்கான்னும் பாக்கணும். கருகியிருந்தா அது வேற வியாதி: மோட்டார் புஷ் தேஞ்சு இறுகி, நிஜமாவே கரண்ட் ஜாஸ்தியா இழுக்குது. புது ரெசிஸ்டர் போட்டாலும் மறுபடி போகும்.

ஜூன் 4, மாலை 6.05 | திருப்புளி

காற்று குறைந்தால் உடனே ஃபில்டர் என்று நினைக்க வேண்டாம் என்பதற்கு இன்னொன்று. வண்டி எடுத்ததும் காற்று நன்றாக வந்து, அரை மணி கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஏசியை அணைத்துப் ப்ளோயரை மட்டும் பத்து நிமிடம் ஓட்டினால் திரும்ப வருகிறதா? அப்போது வண்டிக்கு அடியில் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் கொட்டுகிறதா? அப்படியென்றால் கூலிங் காயிலில் பனி உறைகிறது. அடைத்த ஃபில்டரும் காரணமாகலாம், காயில் சென்சாரும் ஆகலாம், கேஸ் குறைவும் ஆகலாம். ஃபில்டரைக் கழட்டிவிட்டு ஒரு நிமிடம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். காற்று பொங்கி வந்தால் ஃபில்டர்தான். அப்போதும் அதே நிலைதான் என்றால் ஃபில்டரை விட்டுவிட்டு அடுத்ததைத் தேடுங்கள். ஃபில்டர் இல்லாமலே ஓட்டிக்கொண்டிருக்க வேண்டாம். ஈரமாக இருக்கும் காயிலின் தகடுகளில் தூசி படிந்தால் அதைச் சுத்தம் செய்ய டேஷ்போர்டு வரை பிரிக்க நேரலாம்.

ஜூன் 5, காலை 9.00 | மூணாம்கியர்

நாத்தமும் இருக்கு. ஈரத்துணியை மூட்டையா கட்டி வெச்ச மாதிரி. புது ஃபில்டர் போட்டா போயிடுமா?

ஜூன் 5, காலை 9.35 | தூசிப்படலம்

அந்த வாசனை பெரும்பாலும் கூலிங் காயிலின் பூஞ்சை. கார்பன் ஃபில்டர் போட்டாலும் அடங்காது, ஏனென்றால் காயில் ஃபில்டருக்குப் பின்னால் இருக்கிறது. முதலில் தண்ணீர் வடியும் குழாய் அடைத்திருக்கிறதா பாருங்கள். ஏசி ஓடும்போது அடியில் சொட்டவில்லை, பயணி கால் வைக்கும் கம்பளம் ஈரம் என்றால் அடைப்பு. வண்டியை நிறுத்தச் சில நிமிடம் முன்பே ஏசியை அணைத்து, ப்ளோயரை ஓடவிட்டுக் காயிலை உலர்த்துவது நல்லது.

நுரை கிளீனரை ஃபில்டர் ஓட்டை வழியாக அடிக்கும் பழக்கம் இருக்கிறது. ஃபில்டர் ப்ளோயருக்கு முன்னால் இருக்கும் வண்டியில் அந்த நுரை காயிலை எட்டாது, மோட்டாரைத்தான் நனைக்கும். வடிகுழாய் வழியாகவோ ரெசிஸ்டரைக் கழட்டிய துளை வழியாகவோதான் காயிலுக்குப் போக வேண்டும்.

ஃபில்டரில் சென்ட் தெளிப்பதும் வேண்டாம். கார்பன் அந்த சென்ட்டை உறிஞ்சியே நிரம்பிவிடும்.

ஜூன் 5, மதியம் 12.20 | கரண்ட்கம்பி

அமோனியா நெடி அடிச்சா அது பூஞ்சை இல்ல, எலி. ஃபில்டரைக் கடிச்சுப் பஞ்சாக்கிக் கூடு கட்டியிருக்கும். அதை வாக்குவம் போட்டு இழுக்காதீங்க, புழுக்கைத் தூள் காத்துல பறக்கும். கையுறை, என்95 மாஸ்க் போட்டுக் கிருமிநாசினியில நனைச்சு, ஊறவிட்டு, துணியில வழிச்சு எடுங்க. ஒயர் கடிபட்டிருக்கான்னு கையோட பாருங்க.

ஜூன் 5, மாலை 4.45 | திருப்புளி

சொல்லாமல் விட்ட இடங்கள். சில வண்டிகளில் ஃபில்டர் பானெட்டுக்குள், முன்கண்ணாடிக்குக் கீழே. வேலை சுலபம், ஆபத்து தண்ணீர். மூடியின் ரப்பர் ஓரம் மடிந்தோ, ஒரு கிளிப் மாட்டாமலோ விட்டால் மழைநீர் ப்ளோயருக்குள் இறங்கும். மாட்டிய பிறகு கண்ணாடியில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிச் சரிபாருங்கள். இந்த வகையில் சிலவற்றில் உள்காற்று ஃபில்டரைத் தொடாமலே சுற்றும், அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கால் வைக்கும் இடத்தில், நடு கன்சோலின் பக்கவாட்டில் செருகும் வகையில் ஃபில்டரை வளைத்துத்தான் நுழைக்கணும். அதற்கென்று வளையும் சட்டத்தோடு வருவதை வாங்குங்கள். கெட்டிச் சட்டத்தை மடக்கினால் நடுவில் ஒரு மடிப்பு நிரந்தரமாகத் திறந்துகொள்ளும்.

குறைந்த விலை வேரியன்ட் சிலவற்றில் ஃபில்டரே இருக்காது. அறை இருக்கும், வாய் பிளாஸ்டிக்கால் மூடியிருக்கும், ஓரத்தில் வெட்டுக்கோடு தெரியும். பிளேடால் வெட்டித் திறக்கலாம், ஆனால் மூடியைத் தனியாக வாங்கி வைத்துக்கொண்டு வெட்டுங்கள்.

ஜூன் 5, இரவு 8.15 | மூணாம்கியர்

ஹெப்பா, பிஎம் 2.5 (நுண்தூசி) பிடிக்கும்னு எழுதினதை வாங்கவா, சாதா போதுமா?

ஜூன் 5, இரவு 8.50 | தூசிப்படலம்

அட்டையில் இருக்கும் ஹெப்பா (நுண்துகளை மிக அதிகமாகப் பிடிக்கும் வகை) என்ற சொல்லை அப்படியே நம்ப வேண்டாம். ஐரோப்பியத் தரமான ஈஎன் 1822 படி எச்13 என்றால், மிகவும் நழுவக்கூடிய அளவுத் துகளிலும் 99.95 சதவீதம் பிடிக்க வேண்டும். அவ்வளவு நெருக்கமான துணி காற்றை எதிர்க்கும். ஈடுகட்டப் பரப்பு, அதாவது மடிப்பு, நிறைய வேண்டும். 30 மி.மீ. கனமுள்ள சட்டத்தில் மடிப்பு குறைவாக இருந்து ஹெப்பா என்றும் போட்டிருந்தால், ஒன்று அது ஹெப்பா இல்லை, அல்லது உங்களுக்குக் காற்று குறையும். கார் கேபின் ஃபில்டருக்கான தரம் ஐஎஸ்ஓ 11155: முதல் பகுதி தூசி, இரண்டாம் பகுதி வாயு. அதன்படி சோதித்த முடிவைத் தருகிறவர்களிடம் வாங்கலாம். மகரந்தம் பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதைச் சாதா ஃபில்டரே பிடித்துவிடும். புகை, டீசல் நெடிக்கு கார்பன் வகை.

எதை வாங்கினாலும் பழசின் நீளம், அகலம், கனம் மூன்றையும் ஸ்கேலில் அளந்துகொண்டு போங்கள். 2 மி.மீ. சிறியது என்றால் உள்ளே சுலபமாகப் போகும், "நல்லாப் பொருந்துது" என்று தோன்றும். அந்த 2 மி.மீ. வழியாகத்தான் தூசி வரும்.

ஜூன் 7, காலை 10.10 | மூணாம்கியர்

மாத்தியாச்சு. அழுக்கு மேல் முகத்துல இருந்துச்சு, அதனால 'ஏர் ஃப்ளோ' அம்பு கீழே. காத்து பழையபடி வருது. ஆனா ப்ளோயர் ஓடினா 'டிக் டிக் டிக்'. வேகம் கூட்டினா டிக்கும் வேகமாகுது.

ஜூன் 7, காலை 10.25 | திருப்புளி

சருகு ஒன்று உள்ளே விழுந்திருக்கிறது. ஃபில்டரைத் திரும்ப உருவி, ப்ளோயர் அணைந்திருக்க, டார்ச் அடித்து விசிறிக் கூண்டைக் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். தெரிந்தால் நீண்ட இடுக்கியால் எடுங்கள். தெரியாவிட்டால் கீழிருந்து ப்ளோயரையே இறக்கணும். பெரும்பாலும் ஒரு கனெக்டர், மூன்று ஸ்க்ரூ. விசிறியின் ஓரத்தில் சின்ன உலோகக் கிளிப் மாட்டியிருந்தால் அது குப்பை இல்லை, சமநிலைக்காக வைத்தது. பிடுங்கினால் டிக் போய் அதிர்வு வரும்.

ஜூன் 7, மதியம் 12.40 | மூணாம்கியர்

காய்ஞ்ச இலைக்காம்பு, ஒரு விரல் நீளம். இடுக்கியிலயே வந்துருச்சு. உள்காத்துல வைக்கச் சொன்னதை மறந்துட்டேன். இப்ப மூடி ஒரு பக்கம்தான் 'டக்'குங்குது.

ஜூன் 7, மதியம் 12.46 | திருப்புளி

மூடி தலைகீழ்.

ஜூன் 7, மதியம் 12.58 | மூணாம்கியர்

டக். டக்.